டயரில் காற்று: அளப்பதும் நிரப்புவதும்

வண்டியின் எடையில் பெரும்பகுதியைச் சுமப்பது டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்றுதான். ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ இறங்கும் சிறிய காரில் 33 பிஎஸ்ஐ அழுத்தம் இருந்தால், அந்த டயர் சாலையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 130 சதுர சென்டிமீட்டர். ஒரு கை அளவு இடம். பிரேக் பிடிப்பதும் வளைவில் திரும்புவதும் மழையில் வழுக்காமல் நிற்பதும் அந்த இடத்தை நம்பித்தான் நடக்கின்றன.

காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிரும். அந்த மடக்கம் வெப்பமாக மாறும். வெப்பம் ஏற ஏற டயரின் உள் அடுக்குகள் ஒன்றையொன்று விட்டுப் பிரியும். கோடையில் நெடுஞ்சாலையில் டயர் வெடித்தால் பலரும் குற்றம் சொல்வது கூடுதல் காற்றை. நல்ல நிலையில் உள்ள டயரைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய ஆபத்து காற்று குறைந்த டயரை அதிக சுமையோடு வேகமாக ஓட்டுவதில் இருக்கிறது. காற்று மிகுந்தாலும் கேடு உண்டு. நடுப்பகுதி மட்டும் சாலையைத் தொடும், பிடிமானம் குறையும், பள்ளத்தில் விழும்போது டயரும் ரிம்மும் அடிபடும்.

எரிபொருள் இழப்பு இவற்றோடு ஒப்பிட்டால் சிறியது. நான்கு டயர்களிலும் சராசரியாக 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் அளவுக்குக் குறையலாம் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. காற்றைச் சரியாக வைப்பதற்கு முதல் காரணம் பாதுகாப்பு. அடுத்தது டயரின் ஆயுள். பெட்ரோல் செலவு அதற்கும் பிறகுதான்.

எவ்வளவு காற்று: சரியான எண் இருக்கும் இடம்

ஒவ்வொரு வண்டிக்கும் உரிய அழுத்தத்தை அதன் தயாரிப்பாளரே குறித்திருக்கிறார். காரில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் அதற்கான ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் இருக்கும். பைக்கிலும் ஸ்கூட்டரிலும் செயின் கவர், பின்சக்கர ஆர்ம், சீட்டின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் தேடலாம். எங்கும் கிடைக்காவிட்டால் வண்டியோடு வந்த கையேட்டில் கட்டாயம் இருக்கும்.

ஸ்டிக்கரில் பெரும்பாலும் இரண்டு வரிசை எண்கள் இருக்கும். ஒன்று குறைந்த சுமைக்கு, மற்றது முழு சுமைக்கு. முன் டயருக்கும் பின் டயருக்கும் எண் வேறுபடலாம். இருசக்கர வண்டியில் இந்த வேறுபாடு பெரியது. பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் டயருக்குப் பல பிஎஸ்ஐ கூடுதலாகத் தேவைப்படும்.

பரவலான தவறு: டயரின் பக்கச்சுவரில் அச்சாகியிருக்கும் அழுத்த எண்ணைப் பார்த்து அந்த அளவுக்கு நிரப்புவது. அது 44 அல்லது 51 என்றிருக்கலாம். அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச வரம்பு அது. ஒரே டயர் எடை வேறுபட்ட பல வண்டிகளில் பொருத்தப்படுகிறது. எந்த வண்டிக்கு எவ்வளவு வேண்டும் என்பது டயருக்குத் தெரியாது.

அலகு குழப்பமும் உண்டு. பங்க்கிலும் பங்க்சர் கடையிலும் 'முன்னால 30, பின்னால 33' என்று வெறும் எண்ணாகச் சொல்லப்படுவது பிஎஸ்ஐ. ஸ்டிக்கரில் பார் அல்லது கிலோபாஸ்கல் என்று இருந்தால் மாற்றிக்கொள்ள வேண்டும். 1 பார் என்பது 100 கிலோபாஸ்கல், அது 14.5 பிஎஸ்ஐக்குச் சமம். ஆகவே 2.3 பார் என்றாலும் 230 கிலோபாஸ்கல் என்றாலும் ஏறக்குறைய 33 பிஎஸ்ஐ.

சொந்தமாக ஒரு கேஜ்

காற்று பராமரிப்பில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் பணம் செலவிட வேண்டும் என்றால் அது சொந்தக் கேஜ். பொது இடத்துக் கேஜ் நாள் முழுவதும் கீழே விழுந்து, வெயிலில் கிடந்து, பலர் கையில் மாறுவது. அது காட்டும் எண் சரியா என்று சரிபார்க்க வழியில்லை. பென்சில் வடிவக் கேஜ் விலை மலிவு, ஆனால் துல்லியம் குறைவு. டயல் கேஜ் கீழே விழாதவரை நன்றாக உழைக்கும். டிஜிட்டல் கேஜ் படிக்க எளிது; பேட்டரி தீரும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

வாங்கியதும் ஒரே டயரை மூன்று முறை அடுத்தடுத்து அளந்து பார்க்க வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால் கேஜ் நம்பத்தக்கது. தாறுமாறாக மாறினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதன் பிறகு எப்போதும் அந்த ஒரே கேஜில் அளப்பது நல்லது.

கூடவே இரண்டு மூன்று உதிரி வால்வு மூடிகள், சோப்புத் தண்ணீர் அடைத்த சிறு ஸ்பிரே பாட்டில், வால்வு பின்னைத் திருகும் சாவி ஆகியவற்றை வைத்துக்கொண்டால் வீட்டு வேலைக்குப் போதும்.

காலால் உதைத்துப் பார்ப்பதும் விரலால் அழுத்திப் பார்ப்பதும் அளவாகாது. லாரிக் கிளீனர்கள் இரும்புக் கம்பியால் டயரைத் தட்டி ஓசை கேட்பது முற்றிலும் காற்று இறங்கிய டயரைக் கண்டுபிடிக்கத்தான் உதவும். ரேடியல் டயரின் அடிப்பகுதி சரியான காற்றிலேயே சற்றுப் பிதுங்கித்தான் தெரியும். 33 இருக்க வேண்டிய டயரில் 25 மட்டுமே இருந்தாலும் கண்ணால் பிரித்தறிவது கடினம்.

குளிர்ந்த டயரில் அளப்பது

ஸ்டிக்கரில் உள்ள எண்கள் அனைத்தும் குளிர்ந்த டயருக்கானவை. வண்டி குறைந்தது 3 மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்குள் மெதுவாக ஓடியிருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடிய டயர் 4 முதல் 6 பிஎஸ்ஐ வரை கூடுதலாகக் காட்டக்கூடும். வெயில் படும் பக்கத்து டயர்களும் நிழல் பக்கத்து டயர்களும் வேறு எண்ணைக் காட்டும். எனவே அளப்பதற்கு ஏற்ற வேளை அதிகாலை. ஏற்ற இடம் வீடு.

1. ஸ்டிக்கரைப் பார்த்து முன், பின் எண்களைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

2. வண்டியைச் சமதரையில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட வேண்டும். இருசக்கர வண்டியை மெயின் ஸ்டாண்டில் ஏற்றி, வால்வு கைக்கு எட்டும்படி சக்கரத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

3. வால்வு மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட வேண்டும். தரையில் வைத்த மூடி தொலைந்துபோகும், அல்லது மண்ணோடு திரும்ப வால்வில் ஏறும்.

4. வால்வு வாயில் மண் இருந்தால் துடைத்துவிட்டு, கேஜை நேராக, ஒரே அழுத்தில் பொருத்த வேண்டும். 'உஸ்' ஓசை நின்றால்தான் கேஜ் சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஓசை தொடர்ந்தால் காட்டும் எண் குறைவாக இருக்கும். எடுத்துவிட்டு மறுபடி பொருத்த வேண்டும்.

5. காட்டும் எண்ணை எழுத வேண்டும். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் நான்காவது டயருக்கு வரும்போது முதல் டயரின் எண் மறந்திருக்கும்.

6. தேவையான எண்ணிலிருந்து இருக்கும் எண்ணைக் கழித்து, ஒவ்வொரு டயருக்கும் எவ்வளவு குறைகிறது என்று குறிக்க வேண்டும்.

7. ஸ்டெப்னியையும் அளந்துவிட்டு எல்லா மூடிகளையும் திருகி மூட வேண்டும்.

குறிப்பு: ஸ்கூட்டர் டயரில் காற்றின் கொள்ளளவு சிறியது. கேஜைத் தடுமாறிப் பொருத்தும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் காற்று வெளியேறும். நான்கைந்து முறை அளந்த டயருக்கு மறுபடி காற்று தேவைப்படலாம்.

எவ்வித ஓட்டையும் இல்லாத டயரிலும் ரப்பர் வழியாகக் காற்று மெல்லக் கசியும். கார் டயரில் மாதத்துக்கு 1 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைவது இயல்பு. காருக்கு மாதம் ஒரு முறையும் இருசக்கர வண்டிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும் அளப்பது போதுமானது. நெடும்பயணத்துக்கு முந்தைய நாள் இந்தக் கணக்கில் சேராமல் தனியாக அளக்க வேண்டும்.

பங்க்கில் நிரப்புவது

பெட்ரோல் பங்க்கில் காற்று இலவசமாகத் தரப்பட வேண்டிய வசதி. சிக்கல் என்னவென்றால், அங்கே போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகிவிடும். சூடான டயரை ஸ்டிக்கர் எண்ணுக்கு நிரப்பினால், குளிர்ந்த பிறகு அது குறைவாகத்தான் இருக்கும். இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. வீட்டில் கண்ட குறைவை, பங்க்கில் காட்டும் எண்ணோடு கூட்ட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஸ்டிக்கர் சொல்வது 33. காலையில் வீட்டில் அளந்தபோது 28. குறைவு 5. பங்க்கை அடைந்ததும் அதே டயர் 30 காட்டுகிறது. அப்போது நிரப்ப வேண்டியது 35 வரை. மறுநாள் காலை டயர் குளிர்ந்ததும் ஏறத்தாழ 33 இருக்கும்.

1. பங்க்கை அடைந்ததும், நிரப்பும் முன், ஒவ்வொரு டயரையும் சொந்தக் கேஜில் அளந்து குறைவைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

2. எண்ணை முன்பே பொருத்தும் டிஜிட்டல் இயந்திரமாக இருந்தால், திரையில் இருப்பது பிஎஸ்ஐயா பாரா என்று பார்த்துவிட்டு எண்ணை அமைக்க வேண்டும். முந்தைய வண்டிக்கு வைத்த எண் அப்படியே இருக்கும்.

3. முன் டயர்களை முடித்ததும் பின் டயருக்கு எண்ணை மாற்ற வேண்டும். நான்குக்கும் ஒரே எண்ணில் பிடித்துவிடுவது காற்று பிடிக்கும் இடங்களில் அன்றாடம் நடப்பது. ஊழியரிடம் முன்னும் பின்னும் எவ்வளவு என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

4. இயந்திரம் மணியடித்து நின்றதும் குழாயை எடுத்துவிட்டுச் சொந்தக் கேஜில் மறுபடி அளக்க வேண்டும்.

5. கூடிவிட்டால் வால்வின் நடுவிலுள்ள ஊசியை லேசாக அழுத்திச் சிறிது சிறிதாக விட வேண்டும்.

6. மூடிகளைப் போட்டுவிட்டே வண்டியில் ஏற வேண்டும். மூடி வெறும் அழகுக்கு இல்லை. தூசியும் சேறும் வால்வு பின்னுக்குள் நுழையாமல் காப்பது அதுதான். உலோக மூடி நாளடைவில் வால்வோடு ஒட்டிக்கொண்டு கழற்ற வராமல் போகலாம். பிளாஸ்டிக் மூடியே மேல்.

வீட்டில் அளக்க முடியாமல் சூடான டயரோடு போய் நின்றால், ஸ்டிக்கர் எண்ணுக்கு மேல் 4 பிஎஸ்ஐ வைத்துவிட்டு மறுநாள் காலை அளந்து சரிசெய்யலாம். பயணத்தின் நடுவே டயர் கூடுதலாகக் காட்டுகிறது என்று காற்றை இறக்குவது மட்டும் கூடவே கூடாது. சூட்டில் ஏறும் அழுத்தத்தையும் கணக்கில் கொண்டுதான் ஸ்டிக்கர் எண் குறிக்கப்பட்டிருக்கிறது. இறக்கினால் டயர் மேலும் மடங்கி மேலும் சூடேறும்.

காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் சிறிய பம்ப் வைத்திருப்போர் இந்தக் கணக்கையெல்லாம் தவிர்த்து, குளிர்ந்த டயரை வீட்டு வாசலிலேயே நிரப்பிவிடலாம். எஞ்சினை ஓடவிட்டு நிரப்பினால் பேட்டரி இறங்காது. ஆனால் மூடிய கார் ஷெட்டில் எஞ்சினை ஓடவிடக் கூடாது. புகை உயிரைப் பறிக்கும். பம்ப் எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடலாம் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். அந்த நேரத்துக்குப் பிறகு ஆறவிட வேண்டும். அதன் பித்தளை முனை கையைச் சுடும் அளவுக்குச் சூடாகியிருக்கும்.

சுமை, பருவம், மலை

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஐந்து பேரும் பெட்டிகளுமாக ஊருக்குக் கிளம்பும் கார், நாள்தோறும் ஒருவர் மட்டும் அலுவலகம் போய்வரும் காராக இருக்காது. கிளம்பும் முன் ஸ்டிக்கரின் முழு சுமை வரிசைக்கு ஏற்ற வேண்டும். திரும்பி வந்த பிறகு பழைய எண்ணுக்கு இறக்க வேண்டும். இறக்க மறப்பவர்களைவிட ஏற்ற மறப்பவர்களே அதிகம். ஆபத்தும் அவர்களுக்குத்தான் அதிகம்.

வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் மாறினால் கார் டயரில் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ மாறும். மே மாதத்தில் சரியாக வைத்த காற்று மார்கழிக் காலையில் குறைவாகக் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். கோடை வந்துவிட்டது என்று ஸ்டிக்கர் எண்ணைவிடக் குறைத்து வைக்கும் பழக்கத்துக்கு எந்த அடிப்படையும் இல்லை. எந்தப் பருவமானாலும் அன்றைய காலைக் குளிர்நிலையில் அதே எண். வடகிழக்குப் பருவமழையில் இதில் தவறினால் விளைவு உடனே தெரியும். தேங்கிய நீரின் மேல் டயர் பிடியிழந்து மிதக்கத் தொடங்கும் வேகம், காற்று குறைந்த டயரில் இன்னும் குறைவு.

மலையேறும்போது காற்றை மாற்ற வேண்டுமா என்ற கேள்விக்கு மேட்டுப்பாளையம்–ஊட்டி சாலை நல்ல விடை தருகிறது. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே குறைவு என்பதால் கேஜ் 3 பிஎஸ்ஐ போலக் கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் கீழே 35 டிகிரி, மேலே 15 டிகிரி என்று வைத்துக்கொண்டால், குளிரால் ஏறக்குறைய அதே 3 பிஎஸ்ஐ குறையும். ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால் வழியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. புறப்படும் முன் சரியாக வைத்தால் போதும்.

ஒரே டயர் மட்டும் இறங்கினால்

மற்றவை நிலையாக இருக்க, ஒரு டயர் மட்டும் வாரத்துக்கு இரண்டு மூன்று பிஎஸ்ஐ இழந்தால் அது கசிவு. நிரப்பிக்கொண்டே ஓட்டுவது தீர்வாகாது.

1. டயரை உரிய அளவுக்கு நிரப்பி, வால்வு வாயில் சோப்புத் தண்ணீர் தெளிக்க வேண்டும். குமிழி வந்தால் வால்வு பின்னைச் சாவியால் இறுக்கிப் பார்க்கலாம். நிற்காவிட்டால் புதிய பின் போட வேண்டும்.

2. வால்வின் அடிப்பகுதியை மெல்ல வளைத்துத் தெளிக்க வேண்டும். ரப்பரில் வெடிப்பு தெரிந்தால் வால்வையே மாற்ற வேண்டும். டியூப்லெஸ் டயர் மாற்றும்போதெல்லாம் வால்வையும் புதிதாகப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை வராது.

3. சாலையைத் தொடும் பட்டன் பகுதி முழுவதையும் நனைத்து, சக்கரத்தைச் சுற்றி ஆணி, திருகு, கண்ணாடித் துண்டு தேட வேண்டும்.

4. டயரும் ரிம்மும் சேரும் விளிம்பில் தெளிக்க வேண்டும். பள்ளத்தில் அடிபட்டு வளைந்த ரிம்மும், துருப்பிடித்த ரிம்மும் இங்கேதான் கசியும்.

டியூப்லெஸ் டயரில் ஆணி கண்ணில் பட்டால் அங்கேயே பிடுங்கக் கூடாது. ஆணியே ஓட்டையை ஓரளவு அடைத்துக்கொண்டிருக்கும். காற்று நிரப்பிக்கொண்டு, மெதுவாகப் பக்கத்துப் பங்க்சர் கடைக்குப் போய் அங்கே பிடுங்குவதே சரி. பக்கச்சுவரில் ஓட்டை விழுந்தால் பங்க்சர் ஒட்டிப் பயனில்லை. டயரை மாற்ற வேண்டும்.

டியூப் உள்ள பைக் டயரில் ஓர் அறிகுறி தனியாகக் கவனிக்கத்தக்கது. வால்வு நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், குறைந்த காற்றில் ஓட்டியதால் டயரும் டியூபும் ரிம்மின் மேல் நகர்ந்திருக்கின்றன என்று பொருள். அப்படியே ஓட்டினால் வால்வின் அடியில் டியூப் கிழிந்து காற்று ஒரே நொடியில் இறங்கும்.

தேய்மானம் சொல்வது

பட்டன் இரு ஓரங்களிலும் தேய்ந்து நடுவில் மீதமிருந்தால் பல மாதங்களாகக் காற்று குறைவு. நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் காற்றைக் குறை சொல்ல வேண்டாம். வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். கார் டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே தெரியும் சிறு மேடுகள் 1.6 மில்லிமீட்டர் எல்லையைக் காட்டுபவை. பட்டன் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் எவ்வளவு சரியாகக் காற்று வைத்தாலும் அந்த டயர் காப்பாற்றாது.

எச்சரிக்கை விளக்கும் நைட்ரஜனும்

புதிய கார்களில் காற்றழுத்தம் குறைந்தால் டாஷ்போர்டில் விளக்கு எரியும். அதை நம்பிக் கேஜைத் தூக்கிப்போட்டுவிடக் கூடாது. அமெரிக்க விதிப்படி இந்த விளக்கு எரிய வேண்டிய எல்லை, உரிய அழுத்தத்தில் 25 சதவீதம் குறையும்போதுதான். அதாவது 33 இருக்க வேண்டிய டயர் 25க்கு வரும் வரை அது மௌனமாக இருக்கலாம். சக்கரம் சுழலும் வேகத்தைக் கொண்டு கணிக்கும் வகையாக இருந்தால், காற்று நிரப்பிய ஒவ்வொரு முறையும் கையேட்டில் உள்ளபடி ரீசெட் செய்ய வேண்டும்.

நைட்ரஜன் தீங்கில்லை, அவசியமும் இல்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். கசிவு சற்று மெதுவாகும், அவ்வளவே. நைட்ரஜன் நிரப்பிய டயரில் சாதாரணக் காற்றைச் சேர்க்கலாம். நைட்ரஜன் கிடைக்கவில்லை என்று குறைந்த காற்றோடு ஓட்டுவதுதான் தவறு.

உயிருக்கு ஆபத்தான சூழல்கள்

காற்று இறங்கிய நிலையில் சிறிது தூரம் ஓடிவிட்ட டயரை அப்படியே நிரப்பி மறுபடி ஓட்டக் கூடாது. வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே பக்கச்சுவர் நைந்திருக்கலாம். ரிம்மிலிருந்து கழற்றி உட்புறத்தைப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். பக்கச்சுவரில் முட்டை போலப் புடைப்போ நூல் தெரியும் வெட்டோ இருந்தால் காற்று பிடிக்கவே கூடாது.

லாரி, பேருந்து டயர்கள் 100 பிஎஸ்ஐக்கு மேல் காற்று கொள்பவை. அவற்றை வீட்டிலோ வழியிலோ தாமாகச் சரிசெய்ய முயல்வது இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது. உரிய அழுத்தத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கி ஓடிய லாரி ரேடியல் டயரைக் கழற்றிச் சோதிக்காமல் நிரப்பக் கூடாது. உள்ளே அறுந்த கம்பிகள் நிரப்பும்போது வரிசையாகக் கிழிந்து பக்கச்சுவரே வெடிக்கும். லாக் ரிங் உள்ள ரிம்மில் வளையம் சரியாக உட்காராவிட்டால் அது விடுபட்டுப் பறந்து ஆளைக் கொல்லும். இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீண்ட குழாயால், பக்கச்சுவருக்கு எதிரே நிற்காமல் நிரப்பும் வசதி உள்ள கடையில் மட்டுமே இந்த வேலையை ஒப்படைக்க வேண்டும்.

ஓடும்போது டயர் வெடித்தால் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை இரு கையாலும் நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை மெல்ல விட்டு, வேகம் தானாகக் குறைந்த பிறகு ஓரம்கட்ட வேண்டும்.

ஸ்டெப்னி

எல்லாரும் மறப்பது ஸ்டெப்னியை. பங்க்சர் ஆன இரவில் டிக்கியைத் திறந்தால் அதிலும் காற்று இருக்காது. முழு அளவு ஸ்டெப்னியில், ஸ்டிக்கரின் முழு சுமைக்கான எண்ணைவிட 2 அல்லது 3 பிஎஸ்ஐ கூடுதலாக வைத்திருக்கலாம். கூடியதை இறக்குவது எளிது; வழியில் காற்று தேடுவது கடினம். மெலிதான தற்காலிக ஸ்டெப்னிக்கு எண் வேறு. அதில் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ என்று எழுதியிருக்கும். மற்ற டயர்களைப் போல 33 வைத்தால் அது எடையைத் தாங்காது. அதைப் பொருத்திய வண்டியை மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது. பழுதான டயர் சரியானதும் கழற்றி மறுபடி 60க்கு நிரப்பி உள்ளே வைத்துவிட வேண்டும்.